ஆர். ஆறுமுகம் (மலேசியக் கோல்காவலர்)

ஆர். ஆறுமுகம் (ரெங்கசாமி ஆறுமுகம், 31 ஜனவரி 1953 – 18 டிசம்பர் 1988) சிலாங்கூர் மாநிலத்துக்கும் மலேசியாவுக்கும் ஆடிய காற்பந்துக் கோல்காவலர். 1974 ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலமும், 1977, 1979 தென்கிழக்காசிய (சீ) விளையாட்டுப் போட்டிகளில் தங்கமும் வென்ற மலேசிய அணிகளில் இடம்பெற்றவர். ‘ஸ்பைடர்மேன்’ என்பது ரசிகர்கள் வைத்த பட்டப்பெயர். அவருடைய நீண்ட கைகளே அதற்குக் காரணம். முருகனுக்குப் பன்னிரண்டு கை என்பார்கள். இந்த ஆறுமுகத்துக்கு இரண்டுதான், ஆனால் அவை கோலின் இரு மூலைகளையும் எட்டின.

அவர் காலத்துச் சிலாங்கூர் அணியின் ஆட்டக்களம் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கம். 1957 ஆகஸ்ட் 31 அன்று துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திரப் பிரகடனம் வாசித்த அதே இடம். ரயில்வே ஊழியர்களாகத் தமிழர்கள் குடியேறிய பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்தே போய்விடலாம். கிள்ளானிலிருந்து வருவோர் பொழுதோடு புறப்பட வேண்டும்.

மலேசியக் கிண்ணம் 1921இல் மலாயா கிண்ணமாகத் தொடங்கியது. 1970களின் பிற்பாதியில் அதன் இறுதியாட்டம் என்றால் பெரும்பாலும் சிலாங்கூரும் சிங்கப்பூரும்தான். 1975, 1976, 1978, 1979, 1981 ஆகிய ஆண்டுகளில் சிங்கப்பூரை வென்று சிலாங்கூர் கிண்ணத்தைத் தூக்கியது. 1980இல் 1–2 எனத் தோற்றது. முன்வரிசையில் மொக்தார் டஹாரி அடித்த கோல்களைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. பின்வரிசையைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. இது நியாயமில்லை.

சிலாங்கூர்த் தற்காப்பில் தமிழர் பெயர் ஆறுமுகத்துக்கு முன்பே உண்டு. மலேசியா முதன்முதலாகக் காற்பந்தில் ஒலிம்பிக்குக்குப் போன 1972 மியூனிக் அணியில் தற்காப்பு ஆட்டக்காரர் எம். சந்திரன் இருந்தார். மேற்கு ஜெர்மனியிடமும் மொரோக்கோவிடமும் தோற்ற அந்த அணி அமெரிக்காவை 3–0 என வீழ்த்தியது. அடுத்து வந்த தலைமுறையில் நடுத்தற்காப்பு சந்தோக் சிங்கிடமும் ‘தவுக்கே’ என அழைக்கப்பட்ட சோ சின் ஆனிடமும் வந்து சேர்ந்தது. அவர்களுக்குப் பின்னால் ஆறுமுகம். ஒரு சீக்கியர், ஒரு சீனர், ஒரு தமிழர். இந்த மூவரை வைத்துத் தேசிய ஒற்றுமைப் பேச்சு ஏராளமாகப் பேசியாகிவிட்டது. ஆட்டமாகப் பார்த்தால் அதில் வேறொரு நுட்பம் தெரியும்.

சக ஆட்டக்காரர் காலால் திருப்பி அனுப்பும் பந்தைக் கோல்காவலர் கையால் எடுக்கக்கூடாது என்ற விதி 1992இல்தான் வந்தது. அதற்கு முன், நெருக்கடியில் சிக்கிய தற்காப்பு ஆட்டக்காரர் பந்தைப் பின்னால் தட்டிவிட்டால் போதும், கோல்காவலர் குனிந்து அள்ளிக்கொள்வார். ஆகவே பின்வரிசைக்கும் கோல்காவலருக்கும் இடையே இருந்த நம்பிக்கையே ஓர் ஆயுதம். உயரப் பந்து வரும்போது கோலைவிட்டு வெளியேறிப் பிடிக்கக்கூடிய நீளக் கைகள் பின்னால் இருந்தால், நடுத்தற்காப்பில் நிற்பவர் முன்னால் ஓடி இடைமறிக்கத் துணிவார். மாலை மழையில் நனைந்து வழுக்கும் கோலாலம்பூர்த் திடலில் இந்தத் துணிவுக்கு மதிப்பு அதிகம்.

1974இல் தெஹ்ரானில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியா வடகொரியாவை 2–1 என வென்று வெண்கலம் பெற்றது. 1977 கோலாலம்பூர் சீ விளையாட்டின் இறுதியில் தாய்லாந்தை 2–0 எனவும், 1979 ஜகார்த்தாவில் இந்தோனேசியாவை அதன் சொந்தத் திடலிலேயே 1–0 எனவும் வென்றது. இரண்டு இறுதியாட்டங்களிலும் மலேசியா ஒரு கோல்கூட விடவில்லை.

அந்த அணியின் உச்சம் 6 ஏப்ரல் 1980. மாஸ்கோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் முடிவாட்டத்தில், மெர்டேக்கா அரங்கில், தென்கொரியாவை மலேசியா 2–1 என வென்றது. சபாவிலிருந்து வந்த ஹசான் சானி தள்ளிக் கொடுத்த பந்தை, அதே மாநிலத்தவரான ஜேம்ஸ் வோங் ஆட்டம் முடியும் தறுவாயில் கோலாக்கினார். ஆனால் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து அமெரிக்கா முன்னெடுத்த புறக்கணிப்பில் மலேசியாவும் சேர்ந்ததால் அணி மாஸ்கோ போகவில்லை. மலேசியாவின் இடத்தில் ஈராக் ஆடியது. 27 வயதில், கோல்காவலர் பக்குவப்படும் பருவத்தில், ஆறுமுகம் இழந்த வாய்ப்பு அது. மலேசியக் காற்பந்து அணி அதன்பின் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவே இல்லை.

சியூ கெங் குவான் இயக்கி 2016இல் வெளிவந்த ‘ஓலா போலா’ திரைப்படம் இந்தத் தகுதிச் சுற்றைத் தழுவியது. அதில் வரும் முத்து என்ற தமிழ்க் கோல்காவலர் பாத்திரத்துக்கு ஆறுமுகமே தூண்டுதல். படம் கற்பனை கலந்தது. முத்துவின் குடும்பக் கதையை ஆறுமுகத்தின் வரலாறாக எடுத்துக்கொள்வது பிழை. இளையோர் பலருக்கு அவர் பெயர் அந்தப் படத்தின் வழியாகவே தெரியவந்தது.

1988 டிசம்பர் 18 அன்று கார் விபத்தில் ஆறுமுகம் இறந்தார். வயது 35. மலேசியாவில் பகுதிநேரத் தொழில்முறைக் காற்பந்து லீக் அடுத்த ஆண்டு, 1989இல், தொடங்கியது.