கிளென் எக்கோவின் மரக்குதிரைகள்

கேளிக்கைச் சாதனங்களை வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்ளும் வழக்கம் எம்மிடையே குறைவு. ஐக்கிய அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், வாஷிங்டன் நகருக்கு அண்மையிலுள்ள கிளென் எக்கோ பூங்காவின் குடைராட்டினமோ அத்தகைய சான்றுகளுள் ஒன்றாகும்.

1921இல் இதனை நிறுவியது பிலடெல்பியாவின் டென்சல் தொழிலகம். அதன் தாபகரான குஸ்தாவ் டென்சல் ஜெர்மனியிலிருந்து குடிபெயர்ந்தவர். அவர்தம் பட்டறைச் சிற்பிகளுள் இத்தாலியரும் இருந்தனர். அமெரிக்கக் குடைராட்டினக் கலை பெருமளவு குடியேறிய தொழிலாளரின் கைவினையே. இங்குள்ள உருவங்கள் 52. குதிரைகள் 40, எஞ்சியவை முயல்களும் தீக்கோழிகளும், சிங்கம், புலி, மான், ஒட்டகச்சிவிங்கி என்பனவும். பலகைகளை ஒட்டி உள்ளீடற்ற உடலாக்கிய பின்னரே செதுக்குவர். பார்வையாளரை நோக்கிய வெளிப்பக்கத்தில் அணிகளும் பிடரிச் சுருள்களும் மிகுதி, உட்பக்கம் எளிமையானது. சந்தையின் கணக்கு சிற்பியின் உளியிலும் புகுந்திருந்தது.

இக்குதிரைகளில் ஏறும் உரிமை நெடுங்காலம் வெள்ளையருக்கே இருந்தது. 1960 யூன் 30ஆந் திகதி ஹவார்ட் பல்கலைக்கழக மாணவர் சிலர், சீட்டுக்களைக் கையில் வைத்துக்கொண்டே இவற்றின்மீது ஏறியமர்ந்தனர். இறங்க மறுத்த கறுப்பின மாணவர் ஐவர் கைதாயினர். கோடை முழுவதும் மறியல் தொடர்ந்தது. அயற் குடியிருப்புகளின் வெள்ளையரும் அதிற் பங்குகொண்டனர். 1961இல் பூங்கா அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது.

ஐவருக்கும் விதிக்கப்பட்ட தண்டனையை 1964இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நீக்கியது. காட்டிய காரணம் கவனிக்கத்தக்கது. கைதுசெய்த காவலர் பூங்காவின் நலனுக்காகப் பணியாற்றியவரெனினும் அரசு அவருக்குப் பொலிஸ் அதிகாரம் வழங்கியிருந்தது. ஆகவே பாகுபாடு அரசின் செயலாயிற்று. தனிச்சொத்தின் உரிமையாளர் இனம் பார்த்து ஒருவரை விலக்கலாமா என்ற அடிப்படை வினாவை மன்றம் தொடவில்லை. சில நாள்களின் பின் நிறைவேறிய குடியியல் உரிமைச் சட்டமே அதற்கு விடையளித்தது.

1968இல் பூங்கா மூடப்பட்டது. 1970இல் குடைராட்டினம் கைமாறிப்போகவிருந்த வேளை, அயலவர் நிதி திரட்டி அதனை மீட்டனர். 1983 முதல் 2003 வரை புனரமைப்பு நடைபெற்றது. காலந்தோறும் ஒன்றன்மேலொன்றாகப் பூசப்பட்ட வண்ணப் படைகளை அகற்ற, பட்டறையில் இட்ட முதல் நிறங்கள் வெளிப்பட்டன.

இத்தகைய பணிகளில் எந்த ஆண்டின் தோற்றத்தை மீட்பது என்பது வெறும் தொழில்நுட்ப வினா அன்று. 1921இன் நிறம் பட்டறைத் தொழிலாளரின் உழைப்பைக் காட்டுகிறது. ஆனால் மாணவர் அமர்ந்திருந்தது பிந்திய வண்ணப் படையின் மீதாகும். பழைய மரவேலைகளைப் புனரமைப்போர் அப்பிந்திய படையைச் சிறு பகுதியிலேனும் சுரண்டாது விட்டுவைப்பின் ஆய்வாளருக்குப் பயன்படும்.