விற்பவர் ஏன் விற்கிறார்? பழைய பொருள் சந்தையின் வரலாறும் அகெர்லாஃப் விட்ட இடமும்

இணையத்தில் பழைய பொருள் கைமாறும் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஒரே வழியில் போகிறார்கள். 1970-இல் பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப், தரம் தெரியாமல் வாங்குவதன் சிக்கலைச் சுட்டிக்காட்டினார். 1996-இல் ஈபே வாடிக்கையாளர் மதிப்பீட்டு முறையைக் கொண்டுவந்து அதைத் தீர்த்தது. மற்றத் தளங்கள் அதன் பின்னால் வந்தன என்பது அந்த வழி. ஈபேக்கு இது ஓரளவு பொருந்தும். கிரெய்க்ஸ்லிஸ்ட், ஓஎல்எக்ஸ், குயிக்கர் போன்ற உள்ளூர் வரி விளம்பரத் தளங்களுக்குப் பொருந்தாது. கிரெய்க்ஸ்லிஸ்டில் விற்பவருக்கு நட்சத்திரம் கொடுக்கும் வசதி கிடையாது. இந்தியத் தளங்களும் வேரூன்றிய காலத்தில் அப்படி ஒன்றை நம்பி வளரவில்லை. தீர்வு இல்லாமலே சந்தை செழித்திருக்கிறது என்றால், சிக்கல் வரையறுக்கப்பட்ட விதத்தையே மறுபடி பார்க்க வேண்டும்.

அகெர்லாஃபின் வாதம் பொருளியல் மாணவர் அனைவரும் அறிந்தது. ஆனால் அதன் எண்கணக்கை நிறுத்திப் படிப்பவர் குறைவு. என் மறுப்பு அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது. இரண்டு குழுக்கள். முதல் குழுவிடம் கார்கள் இருக்கின்றன. தரம் 0 முதல் 2 வரை சீராகப் பரவியிருக்கிறது. இரண்டாம் குழு அதே காரை ஒன்றரை மடங்கு மதிக்கிறது. தன் காரின் தரம் சொந்தக்காரருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. விலை 1 என்று வைத்தால், தரம் 1-க்குக் கீழே உள்ள கார்கள் மட்டும் சந்தைக்கு வரும். அவற்றின் சராசரித் தரம் 0.5. வாங்குபவர் அதை 0.75-க்குமேல் மதிக்கமாட்டார், வாங்கவும் மாட்டார். விலையைக் குறைத்தால் சராசரியும் கூடவே இறங்கும். எந்த விலையிலும் வியாபாரம் நடக்காது. வாங்க விரும்புபவரும் விற்க விரும்புபவரும் எதிரெதிரே நிற்க, சந்தை மட்டும் இல்லாமல் போகிறது.

கணக்கில் பிழை இல்லை. ஆனால் அதில் விற்பவருக்கு விற்பதற்கு ஒரே ஒரு காரணம்தான் அனுமதிக்கப்பட்டிருக்கிறது: கிடைக்கும் விலை, தன் பொருளின் தரத்தைவிட அதிகம் என்பது. அவர் கழித்துக்கட்டுபவர். அவருக்கு வேலை மாற்றல் இல்லை, மகள் வளர்ந்து சைக்கிள் சிறிதாகிப்போவதில்லை, வீட்டில் யாரும் இறப்பதில்லை. ஊரைவிட்டே போகிறவருக்கு அந்தக் காரை வைத்திருந்து பயன் இல்லை. தரம் 2 என்றாலும் விற்றாக வேண்டும்.

இந்தப் போகிறவரை அகெர்லாஃபின் கணக்குக்குள்ளேயே உட்காரவைத்துப் பார்த்தேன். விற்பவர் எல்லோரும் போகிறவர்கள் என்றால் சராசரித் தரம் 1, வாங்குபவர் 1.5 வரை கொடுப்பார். பாதிப்பேர் போகிறவர்கள், பாதிப்பேர் கழித்துக்கட்டுபவர்கள் என்றால் ஏறத்தாழ 1.29 வரை. நூற்றுக்குப் பத்துப் பேர் மட்டுமே போகிறவர்கள் என்று மிகக் கஞ்சமாக வைத்தாலும் 0.79 அளவுக்கு விலை நிற்கிறது. சந்தையே இல்லை என்ற முடிவு பத்துப் பேரைச் சேர்த்ததும் கலைந்துவிடுகிறது. நட்சத்திரம், உத்தரவாதம், பிராண்டு எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. இகால் ஹெண்டலும் அலெஸாண்ட்ரோ லிஸ்ஸெரியும் 1999-இல், புதிய பொருள் வாங்கும் ஆசையால் பழையதை விற்பவர்களைக் கணக்கில் சேர்த்து, பழைய பொருள் சந்தை மூடிப்போகாது என்று காட்டினார்கள். என் வாதம் அவர்களுக்குக் கடன்பட்டது. ஆனால் அவர்கள் நின்றது மாதிரியமைப்போடு. அந்தக் காரணத்தை விற்பவர் எப்படிச் சொல்கிறார், வாங்குபவர் ஏன் நம்புகிறார் என்பது வரலாற்றுக்கேள்வி.

அகெர்லாஃபின் கட்டுரையிலேயே இந்தியாவைப் பற்றி ஒரு பத்தி உண்டு. பஜாரில் வாங்கிய அரிசியில், அதே நிறத்திலும் வடிவத்திலும் வேண்டுமென்றே கலக்கப்பட்ட கல்லை இந்தியப் பெண்கள் பொறுக்கி எடுக்க வேண்டியிருக்கிறது என்கிறார். வளரும் நாடுகளில் நேர்மையின்மைக்குக் கொடுக்கும் விலையின் அடையாளம் அது என்பது அவர் வாசிப்பு. 1967-68-இல் அவர் தில்லியில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் இருந்தார். ஆனால் கட்டுரையின் முதல் வடிவம் அதற்கு முன்பே பெர்க்லியில் உருவாகிவிட்டது. அரிசிப் பத்தி தில்லிக்கு முன்னதா, பிந்தைய சேர்க்கையா என்பதை அச்சான வடிவத்தை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. எனக்குப் பிந்தையது என்றே படுகிறது. எப்படியானாலும், அரிசிக் கடைக்காரர் தினமும் விற்பவர். கல் கலப்பது அவருக்கு ஒவ்வொரு நாளும் லாபம். பழைய கட்டிலை விற்கும் வீட்டுக்காரர் வாழ்நாளில் ஓரிரு முறை விற்பவர். கடைக்காரரைப் பார்த்து எழுதிய தீர்ப்பை வீட்டுக்காரர்மீதும் சுமத்தியதுதான் கட்டுரையின் ஆதாரப் பிசகு என்று கருதுகிறேன்.

இந்த இரண்டு வகை விற்பனையாளரும் இந்திய நகரங்களில் நெடுங்காலமாகத் தனித்தனி இடங்களில் இருந்தவர்கள். கம்பெனி ஆட்சியில் சென்னை, கல்கத்தா, பம்பாய் நகரங்களில் இறந்த ஐரோப்பியரின் உடைமைகள் பட்டியலிடப்பட்டு ஏலத்தில் விற்கப்பட்டன. அந்தப் பட்டியல்களும் விற்பனைக் கணக்குகளும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் இருக்கின்றன. அகெர்லாஃபின் கணக்குக்கு இதைவிட வலுவான எதிர்ச்சான்று கிடையாது: இறந்தவர் நல்லதை வைத்துக்கொண்டு சொத்தையை மட்டும் விற்க முடியாது. வீட்டில் இருந்தது அனைத்தும் ஏலத்துக்கு வரும் என்பது கூடியிருந்தவர்களுக்குத் தெரியும். சீமைக்குத் திரும்பும் அதிகாரியின் மேசை நாற்காலிக்கும் ஏறத்தாழ இதே நிலைதான். கல்கத்தா ரஸ்ஸல் தெருவில் 1940-இல் தொடங்கிய ரஸ்ஸல் எக்ஸ்சேஞ்ச் ஏலக்கூடம் இந்த மரபின் வால்பகுதி.

மறுபக்கம் சென்னையின் மூர் மார்க்கெட். 1898-இல் அடிக்கல் நாட்டி 1900-இல் திறந்து, 1985 மே 30 அன்று எரிந்துபோன அந்தச் சிவப்புக் கட்டடத்தில் பழைய புத்தகமும் இசைத்தட்டும் விற்றவர்கள் தினசரி வியாபாரிகள். அங்கே பொருள் எந்த வீட்டிலிருந்து, ஏன் வந்தது என்ற கதை கடைக்காரர் கையில் அறுந்துவிடும். அங்கே வாங்கப் போனவர்கள் பேரம் தெரிந்தவர்களாகவும், பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்ப்பவர்களாகவும் இருக்க வேண்டியிருந்தது. அகெர்லாஃப் வரைந்த சந்தைக்கு நெருக்கமானது இது. இதுவும்கூட எண்பத்தைந்து ஆண்டு நடந்தது.

செய்தித்தாளின் வரி விளம்பரம் இவற்றில் ஏலக்கூட வகையின் வாரிசு. தமிழ் வாசகர் எல்லோரும் பார்த்திருக்கும் ஓர் அமைப்பை நெருங்கிப் பார்க்கலாம்: தேக்கு டைனிங் டேபிள், நான்கு நாற்காலி, மூன்று வருடம் உபயோகித்தது, வெளிநாடு செல்வதால் உடனடி விற்பனை, நேரில் பார்க்கவும், புரோக்கர்கள் வேண்டாம். வரிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிய இடத்தில், ஒரு சொல்லைக் குறைத்தால் மிச்சம் என்ற நிலையில், 'வெளிநாடு செல்வதால்' என்ற தொடரை ஏன் ஒருவர் காசு கொடுத்து அச்சிட வேண்டும்? மேசையைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. அது சொல்வது விற்பவரைப் பற்றி: நான் கழித்துக்கட்டுபவன் அல்ல, போகிறவன். 'புரோக்கர்கள் வேண்டாம்' என்பதும் அதே வேலையைச் செய்கிறது. தினசரி வியாபாரியை வெளியே நிறுத்தி, வீட்டுக்கு வீடு என்ற உறவை அது அறிவிக்கிறது. தரம் பற்றிய பொறுப்பு 'நேரில் பார்க்கவும்' என்பதில் முடிந்துவிடுகிறது. மேசையின் கால் ஆடுகிறதா என்பதை வாங்குபவர் கையால் அசைத்துத் தெரிந்துகொள்வார்.

இந்தப் பின்னணியில் இணையத் தளங்களின் தொடக்கத்தைப் படித்தால் இரண்டு கிளைகள் தெரிகின்றன. பியர் ஒமிட்யார், பின்னாளில் ஈபே ஆன ஏலத் தளத்தைத் தொடங்கியது 1995 செப்டம்பர் தொடக்கத்தில். 3-ஆம் தேதியா, தொழிலாளர் தினமான 4-ஆம் தேதியா என்பதில் சொல்பவர்களுக்குள் வேறுபாடு உண்டு. கிரெய்க் நியூமார்க்கின் கிரெய்க்ஸ்லிஸ்ட் தளமும் அதே 1995 தான், மின்னஞ்சல் பட்டியலாக இருந்ததைக் கணக்கில் கொண்டால். வலைத்தளமாக என்றால் 1996. எது முந்தியது என்ற விவாதத்தால் பயன் இல்லை, ஏனெனில் இரண்டும் வேறு வேறு தேவைகளுக்குப் பிறந்தவை. ஈபேயில் முதலில் விலைபோனதாகச் சொல்லப்படும் பொருள் உடைந்த லேசர் சுட்டி, 14.83 டாலர். உடைந்தது என்று சொல்லியே விற்கப்பட்டது அது.

1996 பிப்ரவரி 26 தேதியிட்டு ஒமிட்யார் பயனர்களுக்கு எழுதிய கடிதம்தான் மதிப்பீட்டு முறையின் பிறப்பு ஆவணமாகக் காட்டப்படுகிறது. அதை ஏமாற்றுக்காரர்களுக்கு எதிரான அறிக்கையாகவே பலரும் படிக்கிறார்கள். கடிதத்தின் வரிசை வேறு. பெரும்பாலோர் நேர்மையானவர்கள் என்பது முதலில் வருகிறது. ஏமாற்றுபவர் சிலர் என்று அடுத்து வருகிறது. பாராட்டைப் பொதுவில் சொல்லுங்கள் என்று கேட்கிறது. பாராட்டைப் பொதுவில் சொல்லுங்கள் என்று கேட்கிறது. எதிரே இருப்பவர் கல் கலக்கும் கடைக்காரர் அல்ல, வீட்டுக்காரர் என்பதே அதன் அடிப்படை நம்பிக்கை. பால் ரெஸ்னிக், ரிச்சர்டு செக்ஹாசர் இருவரும் ஈபேயின் 1999-ஆம் ஆண்டுத் தரவை ஆராய்ந்தபோது வாங்கியவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் கருத்துப் பதிந்திருந்தனர், அவற்றில் நூற்றுக்கு 99-க்கு மேல் பாராட்டு. பின்னர் பழைய அஞ்சலட்டைகளை வைத்து நடத்திய சோதனையில், நற்பெயர் பெற்ற விற்பனையாளருக்குப் புதியவரைவிட 8.1 சதவீதம் கூடுதல் விலை கிடைத்தது. இந்த எண்ணை நற்பெயரின் வெற்றி என்று மேற்கோள் காட்டுவார்கள். முன்பின் தெரியாத பெயரில் வந்த அட்டைக்கும் ஆள் இருந்தது, ஏறத்தாழ அதே விலைக்கு என்பதைத்தான் நான் அதில் பார்க்கிறேன். நட்சத்திரம் சந்தையை உண்டாக்கவில்லை, இருந்த சந்தையில் விலையைச் சிறிது நகர்த்தியது.

இந்தியாவில் இரண்டு கிளைகளும் வந்தன. ஏலத் தளமான பாஸி டாட் காம் 2000-இல் தொடங்கியது. 2004-இல் ஏறத்தாழ 5 கோடி டாலருக்கு ஈபே அதை வாங்கியது. அதே ஆண்டு டிசம்பரில், தளத்தில் ஒருவர் விற்பனைக்கு வைத்த ஆபாசக் காட்சிப்பதிவு தொடர்பாகத் தலைமை அதிகாரி அவ்னிஷ் பஜாஜ் கைதானார். அதைத் தொடர்ந்த விவாதங்களுக்குப் பின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2008-இல் திருத்தப்பட்டு 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. திருத்தப்பட்ட 79-ஆம் பிரிவு, தகவலைத் தேர்ந்தெடுக்காமலும் மாற்றாமலும் நடுவில் நிற்கும் தளத்துக்குப் பாதுகாப்பு தருகிறது. இந்தியத் தளங்கள் அறிவிப்புப் பலகையாகவே நின்றுகொண்டதற்கு இந்தப் பிரிவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நேரடிச் சான்று என்னிடம் இல்லை. குயிக்கர் தொடங்கியது 2008-இல், திருத்தம் நடைமுறைக்கு வருமுன்னே. ஆனாலும் விற்பவரைச் சோதித்து, தரம் பிரித்து, பணத்தைப் பிடித்துவைத்த ஈபே இந்தியா 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. எதிலும் தலையிடாத பலகைகள் அதைத் தாண்டி நின்றன. இந்த முரண்பாட்டை அகெர்லாஃபின் கணக்கு விளக்காது.

ஓஎல்எக்ஸின் தொலைக்காட்சி விளம்பரங்களும் இதே திசையைக் காட்டுகின்றன. இந்தியில் 'பேச் தே', அதாவது வித்துடு என்று அவை கூப்பிட்டது வீட்டில் பொருளைச் சேர்த்துவைத்திருப்பவரை. வாங்குபவரின் பயத்தைப் போக்குவது அவற்றின் முதல் கவலையாக இருக்கவில்லை. நிறுவனம் கண்ட தடை விற்பவரின் தயக்கம்.

காரணம்தான் நம்பிக்கையின் கருவி என்பதற்கு மிக வலுவான சான்றை மோசடிக்காரர்களே தருகிறார்கள். கடந்த பத்தாண்டில் சென்னை உட்படப் பல நகரங்களில் காவல்துறைக்கு வந்த புகார்களில் ஒரே கதை திரும்பத் திரும்ப வருகிறது. விளம்பரத்தில் குறைந்த விலைக்கு நல்ல பைக்கோ காரோ இருக்கும். விற்பவர் தன்னை ராணுவ வீரர் அல்லது விமான நிலையப் பாதுகாப்புப் படைக்காரர் என்பார். வேறு மாநிலத்துக்கு மாற்றல் வந்துவிட்டது, வண்டியைக் கொண்டுபோக முடியாது என்பார். சீருடைப் படமும் அடையாள அட்டையும் வாட்ஸாப்பில் வரும். வண்டி விமான நிலைய பார்க்கிங்கில் நிற்கிறது, முன்பணம் போட்டால் அனுப்பிவைக்கிறேன் என்பார். ராஜஸ்தானின் பரத்பூர், ஹரியானாவின் நூ வட்டாரக் கும்பல்கள் இதில் பேர்போனவை. இங்கே பொய்யாகத் தயாரிக்கப்பட்டது எது என்று கவனிக்க வேண்டும். வண்டியின் குறையை மறைக்க யாரும் மெனக்கெடவில்லை; வண்டியே கிடையாது. மெனக்கெட்டுத் தயாரித்தது மாற்றல் என்ற காரணத்தையும், அதை இயல்பாக நம்பவைக்கும் தொழிலையும்தான். மதிப்புள்ள நோட்டைத்தான் கள்ள நோட்டாக அடிப்பார்கள். இரண்டு நூற்றாண்டாக ஏலக்கூடத்திலும் செய்தித்தாளிலும் சேர்ந்த நம்பிக்கை 'ஊரைவிட்டுப் போகிறேன்' என்ற சொல்லில் இருக்கிறது. அது இப்படிச் செலவழிக்கப்படுவது வேதனையானது. 'நேரில் பார்க்கவும்' என்ற மற்றப் பாதியை அறுத்துவிட்டதால்தான் மோசடி சாத்தியமாகிறது.

அகெர்லாஃப் சரியாக நிற்கும் இடமும் உண்டு. கண்ணால் பார்த்துத் தெரியாத குறை கொண்ட பொருள்களில், கார், கைபேசி, லேப்டாப்பில், அவர் அச்சம் பொருந்தும். உள்ளூர் தளங்கள் அங்கே மட்டும் பலகையாக நிற்காமல் சோதனை, மதிப்பீடு என்று இறங்கின. 2023-இல் ஓஎல்எக்ஸின் இந்திய வணிகத்தை ஏறத்தாழ 537 கோடி ரூபாய்க்கு வாங்கியதும் கார்டிரேட் என்ற வாகன நிறுவனம்தான். ஆனால் வாகனத்திலும் அவர் கணக்கு முழுதாகப் பலிக்கவில்லை. எரிக் பாண்ட் 1982-இல் அமெரிக்கப் பிக்கப் டிரக்குகளை ஒப்பிட்டபோது, பழையதாக வாங்கிய டிரக்குகளுக்கு, முதல் உரிமையாளரிடமே இருந்தவற்றைவிட அதிகப் பராமரிப்பு தேவைப்படவில்லை. பின்னர் அவரே, வயதான டிரக்குகளில் மட்டும் சிறிது வேறுபாடு இருப்பதாகத் திருத்திச் சொன்னார்.

அந்த வேறுபாடு எதனால் என்பது தீராத கேள்வி. வயதான வண்டியில் மறைந்த குறை அதிகம் என்பதாலா, மூன்றாவது நான்காவது கைக்குப் போகும்போது போகிறவர் குறைந்து கழித்துக்கட்டுபவர் கூடுவதாலா? ஆர்சி புத்தகத்தில் எத்தனையாவது உரிமையாளர் என்று இருக்கும், முந்தையவர் ஏன் விற்றார் என்று இருக்காது. அந்தக் காரணம் எழுதப்பட்ட ஒரே இடம் விளம்பரம். பழைய செய்தித்தாள்களின் விளம்பரப் பக்கங்கள் நூலகங்களில் இருக்கின்றன; ஆண்டுவாரியாக 'மாற்றல்', 'வெளிநாடு' என்ற தொடர்களை எண்ணி, கேட்ட விலையோடு பொருத்திப் பார்க்க முடியும். இணைய விளம்பரமோ பொருள் விற்றதும் நீங்கிவிடுகிறது. 2010-க்குப் பிந்தைய காலத்துக்கு அதே கணக்கை எடுக்க, தளங்கள் தங்கள் பழைய பட்டியல்களை ஆய்வாளருக்குத் திறந்தாக வேண்டும்.