மின்னணுத் தம்புரா

மின்னணுத் தம்புரா, தம்புராவின் நான்கு தந்திகளை மீட்டும்போது எழும் தொடர்ந்த சுருதியை மின்சுற்றுகளால் ஒலிக்கச் செய்யும் பெட்டி வடிவக் கருவி. கச்சேரி, இசை வகுப்பு, வீட்டுச் சாதகம் ஆகியவற்றில் பயன்படுகிறது. பேச்சுவழக்கில் இதையும் சுருதி பாக்ஸ் என்பர். சுருதிப் பெட்டி ஸ்வரங்களை ஒருசேர நீட்டி ஒலிக்கும். தம்புராவோ தந்திகளை ஒன்றன்பின் ஒன்றாக மீட்டுவதுபோல் ஒலிக்கும்.

தோற்றம்

மரத் தம்புராவைச் சுருதி சேர்ப்பதற்கே பயிற்சி வேண்டும். பிரடை, மணிக்காய், குதிரையின் மேல் வைக்கும் ஜீவா நூல் என ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். குடம் பெரிதாகையால் பயணத்துக்கும் தோதுப்படாது. துருத்தி வைத்த சுருதிப் பெட்டி கையடக்கமானது. ஆனால் துருத்தியை அசைக்க ஒரு கை எப்போதும் தேவை.

இந்தச் சிரமங்களுக்கு மின்னணு வழியில் தீர்வு கண்டவர்களில் முன்னோடி ஜி. ராஜ் நாராயண். பெங்களூர் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றிய இவர் புல்லாங்குழல் கலைஞருமாவார். இவர் நிறுவிய ராடெல் நிறுவனத்தின் மின்னணுத் தம்புரா 1979இல் உருவானது. பெங்களூரின் எலக்ட்ரானிக் சிட்டியில் இந்நிறுவனம் இயங்கிவந்தது. இசைக்கருவிகளோடு விமானத்துறைக்கான மின்னணுச் சாதனங்களையும் செய்தது. ராகினி, சாரங் என்ற தம்புராக்களும், தபலாவின் டேக்காக்கள் எனும் தாளக்கட்டுகளை வாசிக்கும் தாள்மாலாவும், சுநாதவினோதினி என்ற மின்னணு வீணையும் இதன் தயாரிப்புகள்.

மின்னணுத் தம்புராவைக் கையால் இயக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கட்டையை, அதாவது அடிப்படைச் சுருதியை, அமைத்துவிட்டால் போதும்.

அமைப்பு

முற்காலக் கருவிகளில் அலையியற்றிச் சுற்றுகள் ஒலியை உண்டாக்கின. சூடேறினால் சுருதி சற்றே விலகுவது அவற்றின் குறை. பின்வந்தவை உண்மைத் தம்புராவில் பதிவுசெய்த ஒலியை நினைவகச் சில்லில் வைத்து ஒலிக்கின்றன.

முகப்பில் பொதுவாக நான்கு கட்டுப்பாடுகள் இருக்கும்: கட்டை, நுண்சுருதி, மீட்டும் வேகம், ஒலியளவு. முதல் தந்திக்குப் பஞ்சமம், மத்தியமம் அல்லது நிஷாதத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பஞ்சமம் இல்லாத ராகங்களுக்கு மத்தியமம் உதவும். ஒரு கட்டை மேற்கத்திய சி ஸ்வரத்துக்கும், ஐந்து கட்டை ஜி ஸ்வரத்துக்கும் இணை. ஆண் பாடகர்கள் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டியும், பெண்கள் ஐந்து கட்டையை ஒட்டியும் பாடுவர்.

பயன்பாடும் மதிப்பீடும்

தனியே சாதகம் செய்யும் மாணவருக்கு இக்கருவி பெரும் வரம். நாகஸ்வரக் குழுக்களில் சுருதிக்காக ஒத்து ஊதுபவரின் இடத்தைப் பல இடங்களில் மின்னணுச் சுருதிப் பெட்டியே எடுத்துக்கொண்டது. பாடகருக்குப் பின்னால் தம்புரா மீட்டியபடி கேள்வி ஞானம் பெறும் சீடரின் இடமும் மேடையில் சுருங்கியது.

மரத் தம்புராவில் குதிரையை உரசி அதிரும் தந்தியிலிருந்து மேல்ஸ்வரங்கள் கிளைத்துக்கொண்டே இருக்கும். ஒரு மீட்டு அடுத்த மீட்டைப்போல் அமையாது. பதிவொலியோ மாறாமல் திரும்பத் திரும்ப வரும். அதனால் சில வித்வான்கள் சாதகத்துக்குப் பெட்டியையும் கச்சேரிக்கு மரத் தம்புராவையும் வைத்துக்கொள்கின்றனர். கைபேசிச் செயலிகள் வந்தபின் பெட்டியின் வேலையையும் இலவச மென்பொருள்கள் செய்யத் தொடங்கிவிட்டன.