வேலையில் இருந்துகொண்டே வழக்கறிஞர் ஆகலாமா?



மோகனூரில் ஒரு ஜும்ஆ தொழுகைக்குப் பின் சகோதரர் ஒருவர் கைப்பேசியை நம்மிடம் நீட்டினார். "வீட்டிலிருந்தே எல்.எல்.பி., வேலையை விட வேண்டாம்" என்று ஒரு விளம்பரம். வயது நாற்பதை நெருங்குகிறது, இரண்டு பிள்ளைகள், ஜவுளிக் கடையில் வேலை. முன்பணம் கட்டலாமா என்று கேட்டார். கட்ட வேண்டாம் என்றோம். அதற்கான காரணம் நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

இணையவழிச் சட்டப் பட்டம் செல்லுமா?

இந்தியாவில் வழக்கறிஞராகப் பதிவு செய்வதை 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் நெறிப்படுத்துகிறது. எந்தப் பட்டம் செல்லும் என்பதை இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள் வரையறுக்கின்றன. அவற்றின்படி எல்.எல்.பி. என்பது நேரில் வகுப்புக்குச் சென்று படிக்கும் முழுநேரப் படிப்பு. ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது 70 விழுக்காடு வருகைப்பதிவு வேண்டும். தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாத படிப்புகளின் பட்டியலில் பல்கலைக்கழக மானியக் குழுவும் சட்டத்தைச் சேர்த்திருக்கிறது. ஆகவே வீட்டிலிருந்து பெறும் எல்.எல்.பி. சான்றிதழைக் கொண்டு இங்கே கறுப்பு அங்கி அணிய முடியாது.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. அண்டை நாடான இலங்கையில் திறந்த பல்கலைக்கழகமே சட்டப் பட்டம் தருகிறது. லண்டன் பல்கலைக்கழகம் 1858 முதல் வெளிநிலை மாணவர்களுக்குப் பட்டம் வழங்கிவருகிறது. நெல்சன் மண்டேலா சிறையில் இருந்தபடியே அஞ்சல்வழியில் படித்து 1989இல் சட்டப் பட்டம் பெற்றார். ஆனால் அந்தந்த நாட்டு விதி அந்தந்த நாட்டுக்குத்தான். இந்த உதாரணங்களைக் காட்டி யாராவது பணம் கேட்டால் ஏமாற வேண்டாம்.

அப்படியானால் வழி என்ன?

ஏதேனும் ஒரு பட்டம் பெற்றவர் மூன்றாண்டு எல்.எல்.பி.யில் சேரலாம். பொதுப்பிரிவினருக்கு 45, பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 42, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40 விழுக்காடு மதிப்பெண் தேவை என்பது பார் கவுன்சில் விதி. மூன்றாண்டுப் படிப்புக்கு 30 வயது என்று வைக்கப்பட்ட வரம்புக்கு 2017 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. எனவே நாற்பதில் படிக்க ஆசைப்படுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 விழுக்காடு இடஒதுக்கீடும் உண்டு.

மோகனூர்க்காரர்கள் இதற்காகச் சென்னைக்குக் குடிபெயர வேண்டியதில்லை. 2019இல் நாமக்கல்லில் அரசு சட்டக் கல்லூரி தொடங்கப்பட்டது. பேருந்தில் தினமும் போய்வரும் தூரம்தான். சேலத்திலும் சட்டக் கல்லூரிகள் உள்ளன. சேர்க்கை அறிவிப்பை டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் நேரடியாகப் பாருங்கள், தரகர் வேண்டாம்.

வேலையில் இருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படிக்கும் காலத்தில் வேலை பார்ப்பவர்கள் அதை அறிவித்து, முதலாளியிடம் தடையில்லாச் சான்று பெற வேண்டும் என்று 2024 செப்டம்பரில் பார் கவுன்சில் சுற்றறிக்கை அனுப்பியது. பகலில் கல்லூரி, மாலையில் கடை என்று மாற்றிக்கொள்ள முடியுமா என்பதை முதலில் முதலாளியிடமும் வீட்டிலும் பேசுங்கள். மூன்றாண்டு வருமானம் குறையும். அதைத் தாங்கும் ஏற்பாடு இல்லாமல் சேர்ந்தால் பாதியில் நிற்க நேரும்.

மத்ரஸா மாணவர்களுக்கு ஒரு எச்சரிக்கை

நம் பிள்ளைகள் பலர் ஓதப் போகும்போது பள்ளிப் படிப்பை விட்டுவிடுகிறார்கள். பிறகு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகச் சேர்ந்து பட்டம் வாங்குகிறார்கள். அடிப்படைக் கல்வித் தகுதி இல்லாமல் இப்படிப் பெற்ற பட்டம் சட்டப் படிப்புக்குத் தகுதியாகாது என்று 2008 விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் முறையாக முடித்தபின் தொலைநிலையில் பட்டம் பெற்றால் சிக்கல் இல்லை. மகனை ஹிஃப்ளு வகுப்பில் சேர்க்கும் பெற்றோர், பள்ளித் தேர்வுகளையும் அவன் எழுதுவதற்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். இருபது ஆண்டு கழித்து அவன் அதற்காகக் கலங்கக் கூடாது.

பட்டத்துக்குப் பின்

மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். சட்டம் சொல்லும் கட்டணமான 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அது 125 ரூபாய். அகில இந்திய பார் தேர்விலும் தேற வேண்டும். முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வழக்கறிஞராகத் தொழில் செய்ய முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கல்லூரி செல்ல இயலாதவர்களுக்கு

நீதிமன்றத்தில் வாதாடுவது நோக்கமல்ல, சட்டம் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு இணையவழியும் தொலைநிலையும் பயன்படும். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியும் சட்டம் சார்ந்த பட்டயப் படிப்புகளைத் தொலைநிலையில் நடத்திவந்துள்ளன. இவற்றால் வழக்கறிஞர் ஆக முடியாது. ஆனால் அறிவு கிடைக்கும். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலராகச் சேர்ந்து மக்களுக்கு உதவவும் பட்டம் தேவையில்லை.

தலாக், மஹர், வாரிசுரிமை, வக்ஃபு நிலம் என்று நம் ஜமாஅத்துகளுக்கு வரும் பிரச்சினைகளில் பல நீதிமன்றம் வரை போகின்றன. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டத்தையும் 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமணங்கள் கலைப்புச் சட்டத்தையும் படித்த ஒருவர் ஊரில் இருந்தால், ஒரு பெண் தன் உரிமையைக் கேட்க யார் யாரிடமோ அலைய வேண்டியதில்லை.

அந்தச் சகோதரர் இப்போது நாமக்கல் கல்லூரி பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கும் அவரைப் போன்றோருக்கும் அல்லாஹ் இலேசாக்கித் தருவானாக.