கயிறு எட்டும் தூரம்

பாம்பன் தீவுக்காரர்களுக்கு இரண்டு கடல். பாக் விரிகுடாப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். வாடை வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும். தொழில் தெற்கே போகும். கச்சான் காற்று கிளம்பினால் தென்கடல் பொங்கும். வலை வடக்கே திரும்பும். இரண்டு காற்றுக்கும் நடுவே, பங்குனியிலும் சித்திரையிலும்தான் இருபுறமும் கடல் அடங்கிக் கிடக்கும். தனுஷ்கோடியில் என் தாத்தா கரைவலை இழுத்த காலத்தில், கடன் அடைத்ததும் கல்யாணம் பேசியதும் அந்த மாதங்களின் மீன்பாட்டை நம்பித்தான்.

கரைவலைக்கு ஆழம் வேண்டாம். பாக் விரிகுடாவில் ஆழம் பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான். அடித்தரையில் கடற்புல் படர்ந்திருப்பதால் காரலும் ஓராவும் நண்டும் கரையோரம் வரை மேய வரும். ஒரு கயிற்றின் நுனியைக் கரையில் கொடுத்துவிட்டு வள்ளம் புறப்படும். வலையைப் பிறைபோல வளைத்து இறக்கிக்கொண்டே போய், மறு கயிற்றோடு தள்ளி ஓரிடத்தில் கரையேறும். பிறகு இரண்டு அணிகளாகப் பிரிந்து இழுப்பார்கள். எல்லோரும் பின்னோக்கி நடக்க, கடைசி ஆள் கயிற்றை விட்டுவிட்டு ஓடிப்போய்த் தண்ணீரோரம் முதல் ஆளாகப் பிடிப்பார். அம்பாப் பாட்டு அடிவைப்பை ஒன்றுசேர்க்கும். வலையின் பை போன்ற மடி கரைசேர இரண்டு மூன்று மணி நேரம் ஆகும்.

அன்றைய வலை பருத்தி நூல், கயிறு தென்னை நார். நூல் இற்றுப்போகாமலிருக்க மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்து மணலில் காயப்போடுவார்கள். விற்ற பணத்தில் வலைக்கும் வள்ளத்துக்கும் உரிய பங்கு அவற்றின் உரிமையாளரான சம்மாட்டிக்குப் போகும். மீதி இழுத்த கைகளுக்கு. கயிற்றில் கைவைத்த கிழவருக்கும் கைம்பெண்ணுக்கும் கறிமீன் உண்டு என்பதை அப்பத்தா பெருமையாகச் சொல்வார். மிஞ்சிய காரல் கருவாடாகும்.

1964 டிசம்பர் 22 இரவுப் புயல் தனுஷ்கோடி ஊரையே கொண்டுபோனது. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ஆனாலும் மீனவர்கள் திரும்பி வந்து குடிசை போட்டார்கள். துறைமுகமும் பனிக்கட்டியும் எண்ணெயும் கேட்காத தொழில் அது. ஒரு வலை, ஒரு வள்ளம், இருபுறமும் ஆட்கள் இருந்தால் போதும்.

பிறகு விசைப்படகுகளின் இழுவைமடிகள் பெருகின. கடற்புல் தரை சுரண்டப்பட்டது, கரைக்கு வரும் மீன் குறைந்தது. கரையோர 3 கடல் மைலைப் பாரம்பரியத் தொழிலுக்கு ஒதுக்க 1983இல் தமிழ்நாட்டில் கடல்மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 2001 முதல் விசைப்படகுகளுக்கு 45 நாள் தடைக்காலம். 2017இல் அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளானது. சித்திரை பிறந்ததும் கரையோரக் கடல் மறுபடி நாட்டுப்படகுக்கும் கரைவலைக்கும் கிடைக்கிறது.

கரைவலையிலும் குஞ்சுமீன் சிக்கும். மடியின் கண் சிறியது. ஆனால் அதன் கை கயிறு எட்டும் தூரத்தோடு நின்றுவிடும். அதற்கு அப்பாலுள்ள மீன் தானாகவே தப்பியது. அந்த எல்லையை எந்தச் சட்டமும் போடவில்லை, மனித உடம்பின் வலுவே போட்டது. இன்று அந்த வேலையைச் சட்டம்தான் செய்யவேண்டியிருக்கிறது. ஆகவே கரையோர ஒதுக்கீட்டை ஆண்டு முழுவதும் காவல் காக்க வேண்டும்; வலை இழுக்கும் மணல்வெளியைக் கடைகளுக்கும் வண்டிகளுக்கும் விட்டுவிடக் கூடாது. இழுக்க இடமில்லாத கரையில் கரைவலை இருக்காது.