பட்டாளத்துக்கு உடம்பு தயாராவது எங்கே?

இன்று கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். காபியோடு உட்காருங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். இப்போது அவன் மகனுக்கே 18 வயது. பையன் அக்னிவீர் எழுத்துத் தேர்வில் தேறிவிட்டானாம். "ஃபிசிகலுக்கு இன்னும் ஒரு மாசம்தான் டீச்சர் இருக்கு. நாளையிலேர்ந்து ஓடினா ரெடியாயிடுவானா?" என்று கேட்டான்.

நான் பி.டி. டீச்சர் இல்லையே, என்னை ஏனப்பா கேட்கிறாய் என்றேன். "அண்ணன் விஷயத்துல அன்னைக்கு நீங்கதானே டீச்சர் கூட இருந்தீங்க" என்றான். எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை.

அந்த அண்ணனும் என் மாணவன்தான். பெயர் வேண்டாம், இதை அவனும் படிப்பான். அப்பா திரிசூலம் பக்கம் கல் உடைக்கப் போனவர். தொண்ணூறுகளில் ஒரு நாள், ஆள் எடுக்கிறார்கள் என்று பேப்பரில் பார்த்துவிட்டு மறுநாள் விடியற்காலையிலேயே ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓட ஆரம்பித்தான். தாம்பரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை தார் ரோட்டில், அடி தேய்ந்த கேன்வாஸ் ஷூவில், ஒரு நாள் விடாமல் ஓடினான். மூன்றாவது வாரம் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி. தைலம் தடவிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் ஓடினான். தேர்வு நாளன்று மூன்றாவது சுற்றில் விழுந்துவிட்டான். எக்ஸ்ரேயில் எலும்பில் முடி மாதிரி ஒரு கீறல்.

பார்க்கப் போயிருந்தேன். கீறலை விட, அக்கம்பக்கத்துப் பெரியவர் ஒருவர் சொன்னதுதான் அவனை வாட்டியது. "நம்ம ஆளுங்க உடம்புக்குப் பட்டாளம் ஒத்து வராதுப்பா. அதெல்லாம் வடக்கத்திக்காரங்களுக்குத்தான்." அவர் நல்ல மனிதர், ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வாக்கியத்துக்கு வயது நூறுக்கு மேல். அதைச் சொல்லிக் கொடுத்தவன் வெள்ளைக்காரன்.

கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவைப் பிடித்ததில் சென்னைப் படையின் சிப்பாய்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1757-ல் கிளைவ் வங்காளம் போய் பிளாசியில் சண்டையிட்டபோது இங்கிருந்து போன சிப்பாய்களும் உடன் இருந்தார்கள். நம் பரங்கிமலை சென்னைப் பீரங்கிப் படைக்குத் தலைமையிடமாக இருந்த ஊர். அப்போதெல்லாம் யாரும் தெற்கத்தி உடம்பு ஆகாது என்று சொல்லவில்லை.

1881 முதல் 1885 வரை ராபர்ட்ஸ் என்பவர் சென்னைப் படைக்குத் தளபதியாக இருந்தார். பிறகு இந்தியப் படைகள் முழுவதுக்கும் தலைமைத் தளபதி ஆனார். வடக்கே உள்ள போர்க்குணம் கொண்ட இனங்களோடு தெற்கத்தியரை ஒப்பிடவே முடியாது என்பது அவர் எண்ணம். தன் நினைவுக் குறிப்பிலும் அதை எழுதி வைத்தார். 'வீர இனங்கள்' என்ற கொள்கை அவர் காலத்தில்தான் வேரூன்றியது. பஞ்சாபியும் கூர்க்காவும் உள்ளே, தமிழனும் தெலுங்கனும் வெளியே. சென்னைக் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டு 1920களின் இறுதிக்குள் இல்லாமலே போய்விட்டன. சாப்பர்ஸ் என்ற பொறியியல் படை மட்டும் தப்பித்தது. பாலம் கட்ட வேண்டுமே!

இரண்டாம் உலகப் போர் வந்து ஆள் தேவைப்பட்டதும், அதே வெள்ளைக்காரன் மெட்ராஸ் ரெஜிமெண்ட்டை மறுபடி உருவாக்கினான். இருபது வருடத்தில் நம் இனம் மாறிவிட்டதா என்ன? இன்றும் வெலிங்டனில் அந்த ரெஜிமெண்ட்டின் பயிற்சி மையம் இருக்கிறது.

இதில் வேடிக்கை, ராபர்ட்ஸ் உயிரோடு இருக்கும்போதே வெள்ளைக்காரனுக்குத் தன் ஊர் உடம்பைப் பற்றிப் பயம் வந்துவிட்டது. 1899-ல் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் தொடங்கியது. மான்செஸ்டர் போன்ற தொழில் நகரங்களில் படையில் சேர வந்த இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். உயரம் இல்லை, மார்பு அகலம் இல்லை, பல் சரியில்லை. தன் இனத்தின் மேல் குறை சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை, பாருங்கள். கமிட்டி போட்டார்கள். 1904-ல் அறிக்கை வந்தது. ஏழைப் பிள்ளைகளின் சாப்பாடு, வீடு, காற்று பற்றியெல்லாம் அதில் பேசினார்கள். 1906-ல் பள்ளியில் உணவு தரச் சட்டம், அடுத்த ஆண்டு பள்ளிகளில் மருத்துவப் பரிசோதனை. அமெரிக்காவும் இப்படித்தான், 1946-ல் பள்ளி மதிய உணவுக்குச் சட்டம் கொண்டுவந்தபோது நாட்டின் பாதுகாப்பை ஒரு காரணமாக அந்தச் சட்டத்திலேயே எழுதினார்கள்.

அவர்கள் சிப்பாய்க்காகப் பிள்ளைக்குச் சோறு போட்டார்கள். நாம் பிள்ளைக்காகவே போட்டோம். 1920-ல் தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது. 1956-ல் காமராஜர் மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். 1982 ஜூலை 1-ம் தேதி எம்.ஜி.ஆரின் சத்துணவு.

அந்த 1982 எனக்குப் பாடப்புத்தகத்துச் செய்தி இல்லை. பயிற்சி முடித்து வேலைக்கு வந்த புதிது. திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனையில் யாராவது ஒரு பிள்ளை மயங்கி விழும். தண்ணீர் தெளித்து உட்கார வைத்து "என்னடா சாப்பிட்டே?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளும். சத்துணவு வந்த பிறகு அந்த மயக்கங்கள் எப்படிக் குறைந்தன என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான். மதியம் ட்ரில் பீரியடில் பிள்ளைகள் உண்மையிலேயே ஓடினார்கள். அதற்கு முன்பு ஓடுவது போல நடந்தார்கள். விழுந்த அந்தப் பையனும் என் வகுப்பில் தட்டோடு வரிசையில் நின்றவன்தான்.

ட்ரில் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் கம்பை வைத்துக்கொண்டு அதட்டுவதுதான் ஒரு காலத்தில் பள்ளி ட்ரில். அதை மாற்றியவர் ஹாரி குரோ பக். 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியவர். நந்தனம் வழியாக பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்களே, அதுதான். பிள்ளைகளை விளையாட விடுங்கள், உடம்பு தானாக வரும் என்பது அந்த வழி. நம் பள்ளிகளில் அந்த பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் பிடுங்கிக்கொண்டார் என்பது வேறு கதை. (நானும் சில முறை பிடுங்கியிருக்கிறேன். ஒப்புக்கொள்கிறேன்.)

சரி, போனில் கேட்டவனுக்கு வருவோம். தரைப்படைத் தேர்வில் 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடினால் முழு 60 மதிப்பெண். நேரம் கூடக் கூட மதிப்பெண் குறையும். பீம் எடுப்பதில் பத்து எடுத்தால் 40. 9 அடிப் பள்ளம் தாண்ட வேண்டும். நம் மாநிலத்துப் பையன்களுக்குப் பொதுப் பணிக்கு உயரம் 166 செ.மீ., மார்பு 77, மூச்சை இழுத்தால் இன்னும் 5. ஓட்டத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 400 மீட்டர் மைதானத்தில் நான்கு சுற்று, சுற்றுக்கு 82 விநாடி. விளையாட்டில்லை. தாம்பரத்திலேயே ஆள் எடுக்கும் விமானப்படைக்குக் கொஞ்சம் தளர்வு, அதே தூரத்துக்கு 7 நிமிடம்.

மூச்சு ஒரு மாதத்தில் ஓரளவு பழகும். தசையும் பழகும். எலும்புக்கு அந்த அவசரம் தெரியாது. புதிதாக அடி விழ ஆரம்பித்தால் எலும்பு முதலில் பழைய பகுதியைக் கரைக்கும், பிறகுதான் புதிதாகக் கட்டும். இடிப்பதற்கும் கட்டுவதற்கும் இடையில் உள்ள சில வாரங்களில்தான் அது பலவீனமாக இருக்கும். 1855-லேயே பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ டாக்டர், நீண்ட நடைப் பயிற்சிக்குப் பிறகு சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதைக் குறித்து வைத்திருக்கிறார். அது எலும்புக் கீறல் என்பது எக்ஸ்ரே வந்த பிறகுதான் புரிந்தது. எங்கள் பையன் விழுந்ததும் அந்தக் கணக்கில்தான். திடீரென்று ஓடினான், தார் ரோட்டில் ஓடினான், ஒரு நாள் கூட ஓய்வு எடுக்கவில்லை. திரிசூலத்துக் கல் உடைப்பவர் மகனின் இனத்தில் எந்தக் குறையும் இல்லை.

அதை அன்றைக்கே அவனிடம் சொன்னேன். கால் ஆறிய பிறகு எங்கள் பி.டி. சாரிடம் அழைத்துப் போனேன். மண் தரையில், முதலில் நடை, பிறகு நடையும் ஓட்டமும் மாற்றி மாற்றி, வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு. வீட்டில் கேழ்வரகும் முட்டையும். ஒரு வருடத்துக்கு மேல் பொறுமையாக இருந்தான். அடுத்த முறை ஓடி முடித்தான். பென்ஷன் வாங்கிக்கொண்டு இப்போது ஊரில்தான் இருக்கிறான்.

எனவே தம்பியிடம் திருப்பி ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "பையன் இதுவரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தான்?"

"அதை ஏன் கேக்கறீங்க டீச்சர். ஏழாவதுலேர்ந்து தினமும் சாயங்காலம் ஃபுட்பால்தான். படிக்கலைன்னு அடிச்சிருக்கேன்."

அடிக்காதே, அந்தக் கால் ஆறு வருடமாகத் தயாராகிக்கொண்டிருக்கிறது, இந்த ஒரு மாதம் வேகத்துக்கு மட்டும் போதும் என்றேன். முன்னெலும்பில் வலி என்றால் மறைக்காமல் சொல்லச் சொல் என்றும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பையனை அழைத்துக்கொண்டு வருகிறானாம். அண்ணனையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன்.