'நிறுத்திட்டாங்க': பணிநீக்கத்தின் கதையில் நாம்

சட்டப் புத்தகத்தில் பணிநீக்கம், ஆட்குறைப்பு, பணி முடிவு என்று விதவிதமான சொற்கள் இருக்கின்றன. நம் சேரியில் எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தைதான்: 'நிறுத்திட்டாங்க'. நிறுத்தியது நியாயமா என்று கேட்கும் உரிமை எப்போது வந்தது, யாருக்கு வந்தது என்று தேடிப் பார்த்தேன்.

1859இல் வெள்ளைக்காரன் போட்ட ஒப்பந்த மீறல் சட்டப்படி, முன்பணம் வாங்கிய ஆள் வேலையை விட்டுப் போனால் மூன்று மாதம் வரை கடுங்காவல். முதலாளி ஆளைத் துரத்தினால்? அதற்குத் தண்டனை கிடையாது. 1920களின் நடுவில்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது.

1946இல் நிலையாணைச் சட்டம் வந்தபோது வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அம்பேத்கரின் கையில் இருந்தது. 100 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஆலையில் எது குற்றம், என்ன நடவடிக்கை, அநியாயம் நடந்தால் யாரிடம் முறையிடுவது என்பதை எழுதி, பெரும்பாலோருக்குப் புரியும் மொழியில் வாசலருகே வைக்க வேண்டும். மேஸ்திரியின் வாயில் இருந்த சட்டம் பலகைக்கு வந்தது. தொழிற்சங்க வரலாறு எழுதுகிறவர்கள் இதை ஏனோ ஒரு வரியில் தாண்டிப் போகிறார்கள்.

அடுத்தது பெரம்பூர் பி அண்ட் சி மில். 1950களின் தொடக்கத்தில் அந்த மில் வழக்கில்தான் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அளவுகோல் வகுத்தது: நல்லெண்ணம் இல்லாமை, பழிவாங்கல், இயற்கை நீதி மீறல், ஆதாரமற்ற முடிவு. இதில் ஏதாவது இருந்தால்தான் தீர்ப்பாயம் தலையிடும். பின்னால் உச்ச நீதிமன்றமும் அந்த வழியிலேயே போனது. ஆனால், சின்னத் தப்புக்கு வேலையே போகணுமா என்ற கேள்வியைத் தீர்ப்பாயம் பெரும்பாலும் தொடவில்லை. தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் 1971இல் 11-ஏ பிரிவு வந்த பிறகே கிடைத்தது.

இங்கே எனக்கு ஒரு உறுத்தல். 1965இல் 2-ஏ பிரிவு வரும்வரை, தனி ஒரு ஆளின் பணிநீக்கம் தொழில் தகராறே ஆகாது. சங்கமோ, கணிசமான சக தொழிலாளர்களோ அதைத் தங்கள் வழக்காக எடுத்துக்கொள்ள வேண்டும். 1921இல் இதே மில்லின் வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குப் போனார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. அப்படிப் பிளந்து கிடந்த இடத்தில், நீக்கப்பட்ட சேரி ஆளுக்காக யார் கை தூக்கியிருப்பார்கள்? சட்டம் சங்கத்தை ஒரே உடம்பாக நினைத்துக்கொண்டது. ஊரும் சேரியும் சங்கத்துக்குள்ளேயும் இருந்ததை அது பார்க்கவில்லை.

2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்த தூய்மைப் பணியாளர்கள் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைச் சேர்ந்தவர்கள். பெரும்பாலும் தலித் பெண்கள். புளியந்தோப்பும் அந்தத் திரு.வி.க. நகர் மண்டலத்தில்தான். அவர்கள்மேல் குற்றச்சாட்டு இல்லை, சார்ஜ் மெமோ இல்லை, உள்விசாரணை இல்லை. வேலை தனியாருக்குக் கைமாறியது, அங்கே போய்ச் சேரச் சொன்னார்கள், அவ்வளவுதான். பெரம்பூர் வழக்கின் நான்கு அளவுகோலும் இங்கே எதை அளக்கும்? யாரும் யாரையும் நீக்கவே இல்லையே! ஆகஸ்ட் 13 இரவு போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது.

அதே ஆண்டு நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. நிலையாணைக்கு 100 பேர் என்று இருந்தது 300 பேர் ஆகிவிட்டது.

மனு எழுத வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஏன் நிறுத்தினார்கள் என்பதை அல்ல. "யார் சம்பளம் குடுத்தாங்க, காகிதம் ஏதாச்சும் இருக்கா?" என்றுதான். வழக்கு அங்கேதான் தொடங்குகிறது. வருகைப் பதிவு, அடையாள அட்டை, வங்கிப் புத்தகத்தில் சம்பளம் வரவான வரி, எதையும் தூக்கிப் போடாதீங்க. ஒப்பந்ததாரர் மாறும்போது பழைய அட்டையைத் திருப்பிக் கேட்பார்கள். கொடுக்கும் முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.